தாடை அறுவை சிகிச்சை: அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதா?



“பிள்ளைக்குக் கீழ்த்தாடை முன்னால் துருத்தி நிற்கிறது. ஆபரேஷன் செய்து சரியாக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். ஹஜ்ரத், இது கூடுமா?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். வசதிக்குக் குறைவில்லை. பள்ளிக்கரணை, ரத்தினமங்கலம், பொத்தேரி என்று தாம்பரத்தைச் சுற்றியே பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ரயில் ஏறினால் கோட்டை ஸ்டேஷனுக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி. தயக்கமெல்லாம் மார்க்கத்தைப் பற்றித்தான்.

அது நியாயமான தயக்கம். சூரத்துந் நிஸாவின் 119-ஆம் வசனம், அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதை ஷைத்தானின் தூண்டுதலாகச் சொல்கிறது. அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கும் பெண்கள் சபிக்கப்பட்டதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. பல்லை அராவுவதற்கே இப்படி என்றால், எலும்பை அறுத்து நகர்த்துவது?

‘அழகுக்காக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மருத்துவத்திற்காகவோ பல்லில் உள்ள குறைக்காகவோ செய்தால் தவறில்லை என்பதை அந்தச் சொல்லிலிருந்தே இமாம் நவவி (ரஹ்) விளக்குகிறார்கள். தாடை பொருந்தாதவருக்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராது. சிலரால் முன்பல்லால் பரோட்டாவைக் கடித்து எடுக்க முடியாது. சிலருக்கு எழுத்துகள் சரியாக வராது. குர்ஆன் ஓதும்போதும் அது தெரியும். சிலருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடும். நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் இதைத் தடுக்காது.

ஆனால் கேள்வி இங்கே முடிவதில்லை. தாடையை நகர்த்தினால் முகமும் மாறும். ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிட வழியில்லை. சரி, மெல்லுவதில் பெரிய சிரமமில்லை, முகம் கோணியிருப்பதால் ஒரு பெண் துப்பட்டாவால் வாயை மூடியே பேசுகிறாள் என்றால்? ‘ஸப்ர் செய்’ என்று சொல்லி அனுப்பிவிடலாமா?

அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் ஜாஹிலிய்யா காலத்தில் குலாப் போரில் மூக்கை இழந்தவர்கள். வெள்ளியில் மூக்கு வைத்தார்கள், அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் வைத்துக்கொள்ளும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதியில் உள்ள செய்தி. ஆணுக்குத் தங்கம் ஹராம். அந்த மூக்கு எதையும் முகரப்போவதுமில்லை. மக்கள் நடுவே கூச்சமின்றி முகம் காட்டுவதும் ஒரு தேவைதான் என்றே நான் இதை விளங்குகிறேன்.

2007-இல் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், பிளந்த உதடு, மிகவும் கோணலான மூக்கு போன்ற பிறவிக் குறைகள் உடலையோ மனதையோ உண்மையிலேயே வாட்டினால் சரிசெய்யலாம் என்று தீர்மானித்தது. வெறும் ஆசைக்காக முகத்தை மாற்றுவதை அதே தீர்மானம் தடுக்கிறது. நல்ல தாடையோடு போய், நடிகரின் போட்டோவைக் காட்டிச் செதுக்கச் சொல்கிறவருக்கு அர்ஃபஜா (ரலி) அவர்களின் மூக்கு ஆதாரமாகாது.

அந்த மன வேதனையைத் தந்தது யார்? மதரஸாவிலேயே பட்டப்பெயர் வைத்தார்கள்; சூரத்துல் ஹுஜுராத்தின் 11-ஆம் வசனத்தை ஓதிக்கொண்டே வைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியும் டீயும் முடித்துவிட்டு, ‘ஆபரேஷன் செய்தால் பேசலாம்’ என்று சொல்லியனுப்புகிறார்கள். இது என்ன, பல் பிடுங்குகிற வேலையா? முழு மயக்கம் கொடுத்து, எலும்பை அறுத்து, டைட்டானியம் தகடு வைத்துத் திருகுவார்கள். வாரக்கணக்கில் கஞ்சியும் ஜூஸும்தான். சிலருக்குக் கீழுதட்டில் மரமரப்பு தங்கிவிடுவதும் உண்டு. மாப்பிள்ளை வீட்டின் நிபந்தனைக்காக ஒரு பெண்ணை இதற்குள் தள்ள யாருக்கும் உரிமையில்லை. அவளாக விரும்பினால் துணை நில்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

செய்துகொள்கிறவர்களுக்குச் சில மஸ்அலாக்கள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் மாதக்கணக்கில் பல்லில் கிளிப் இருக்கும். ஹனஃபி மத்ஹபில் கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஃபர்ளு. கழற்ற முடியாத கிளிப்புக்கு அடியில் தண்ணீர் போகாவிட்டாலும் குளிப்பு நிறைவேறும். உள்ளே இருக்கும் தகட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லும் நாட்களில் ஸஜ்தாவைச் சைகையால் செய்யலாம். ரமலான் குறுக்கிட்டால் நோன்பை விட்டு, தேறிய பிறகு களாச் செய்யலாம்.