கொல்லைக்கு வரும் பறவையும் கேமராவும்

காட்டுப்பறவையைப் படமெடுப்பது அதற்கு இழைக்கும் தீங்காகுமா என்ற கேள்வியை அஹிம்சை பேசும் எந்த மரபும் தட்டிக்கழிக்க முடியாது. கொச்சியின் மேற்குக் கரையிலுள்ள பள்ளுருத்தியில் இக்கேள்வி வீட்டுக் கொல்லையிலேயே எழுகிறது. தென்னையும் பலாவும் நிற்கும் அவ்வூர் வளவுகளுக்குச் செம்போத்து, வால்காக்கை, குண்டுக்கரிச்சான், சின்னான், தேன்சிட்டு எல்லாம் தாமாகவே வருகின்றன. கும்பளங்கிப் பக்கத்துப் பொக்காளி நெல்வயல்கள் அருகிலேயே இருப்பதால் மடையானுக்கும் மீன்கொத்திக்கும் குறைவில்லை.

இந்த ஊரின் ஸ்ரீ பவானீசுவரர் கோவிலில் 1916இல் பிரதிஷ்டை செய்தவர் நாராயண குரு. உணவுக்காக உயிர்க்கொலை செய்வதைக் கண்டித்து 'ஜீவகாருண்ய பஞ்சகம்' பாடியவரும் அவரே. சற்றுத் தள்ளி மட்டாஞ்சேரியில், குஜராத்தி சாலைச் சமணக் கோவிலில், நண்பகலில் புறாக்களுக்குத் தானியம் இடுவது நெடுநாள் வழக்கம். உயிரிரக்கத்தின் இரு வழிகள் இங்கே அருகருகே இருக்கின்றன: ஒன்று கொல்லாதிருக்கச் சொல்கிறது, மற்றது உணவளிக்கச் சொல்கிறது. கேமரா இவ்விரண்டில் எதிலும் நேராக அடங்குவதில்லை.

கேமரா ஒரு வகையில் அறத்தின் முன்னேற்றமே. 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைப் பறவையியலாளர் சாலிம் அலி ஆய்வு செய்தபோது, பறவையைச் சுட்டு, தோலைப் பதப்படுத்தி வைப்பதுதான் அறிவியலின் முறை. இன்று ஒரு நல்ல படமே பெரும்பாலும் அடையாளத்துக்குப் போதும். ஆனால் கொல்லவில்லை என்பதனாலேயே தீங்கு செய்யவில்லை என்று முடிவுகட்டும் பழக்கமும் இந்த முன்னேற்றத்தோடு சேர்ந்தே வந்துவிட்டது.

சமணம் இந்த இடத்தில் மிக நுட்பமாகச் சிந்தித்திருக்கிறது. உமாசுவாதியின் 'தத்துவார்த்த சூத்திரம்' ஹிம்சையைக் கொலை என்று மட்டும் வரையறுக்கவில்லை. வேட்கையாலோ கவனமின்மையாலோ தூண்டப்பட்ட செயலால் உயிருக்கு ஊறு நேர்வதையே ஹிம்சை என்கிறது. இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்துக்கு ஐந்து மீறல்களையும் அது சொல்கிறது: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் கிடைக்காமல் தடுத்தல். பார்ப்பது இப்பட்டியலில் இல்லை. சன்னலுக்குப் பின்னிருந்து, பறவை வந்து போவதைப் படமெடுப்பவர் எந்த விரதத்தையும் மீறுவதில்லை.

கூட்டருகே நிலைமை மாறுகிறது. குஞ்சுக்கு இரை கொண்டுவரும் தாய்ப்பறவை, கூட்டுக்கு அருகில் மனிதர் நின்றால் அலகில் புழுவுடன் அடுத்த மரத்திலேயே தங்கிவிடுகிறது. படமெடுப்பவர் அங்கே நிற்கும் நேரமெல்லாம் குஞ்சு பட்டினி கிடக்கிறது. அவர் கையால் எதையும் தொடவில்லை. ஆனாலும் ஐந்தாவது மீறல் நடந்துவிட்டது. தெளிவான காட்சிக்காக இலைகளை விலக்கிவிட்டால் குஞ்சுகள் வெயிலில் காய்கின்றன, காக்கைக்கும் வால்காக்கைக்கும் கூடு தெரிந்துவிடுகிறது. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் இவ்வகையே: போட்டிக்கு வேறொரு ஆண் வந்துவிட்டதென்று நம்பும் பறவை, இல்லாத எதிரியை விரட்டுவதில் தன் வலிமையைச் செலவிடுகிறது. இவை எவற்றிலும் கொடுமை செய்யும் எண்ணம் இல்லை. இருப்பது ஆசையும் கவனமின்மையும்தான். உமாசுவாதி குறிப்பிட்ட காரணங்களும் அவையே.

அப்படியானால் கூட்டைப் படமெடுப்பது எப்போதும் தவறா? 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடியில் நடந்தது இதற்கு மாறான சான்று. தெருவிளக்குகளுக்கான மின்சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு பறவை கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. அதன் படம் ஊரார் வாட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்டது. குஞ்சுகள் பொரித்துப் பறக்கும்வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, ஊர் தெருவிளக்கில்லாமல் இருந்தது. இங்கே படம் பறவைக்குக் காவலானது. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளாதிருக்க, தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை என்பதும் அதே மாவட்டத்து வழக்கம்தான்.

இரு நிகழ்வுகளிலும் விலை கொடுத்தவர்கள் மனிதர்கள். இருட்டையும் ஓசையற்ற பண்டிகையையும் அவர்களே ஏற்றார்கள். தவறான படமெடுப்பில் விலையைக் கொடுப்பது பறவை. இந்த வேறுபாடே சரியான அளவுகோல். நோக்கம் நல்லதா, படம் அழகாக வந்ததா என்ற கேள்விகள் இதற்குப் பின்னரே வரவேண்டும். காத்திருப்பு, கால்வலி, கைநழுவிய காட்சி ஆகியவற்றைப் படமெடுப்பவர் தம் பங்காக ஏற்கும்வரை அச்செயல் அஹிம்சைக்குள் நிற்கிறது.

கொல்லைக்கு வரும் பறவையை விருந்தாளி என்று கருதி உரிமை கொண்டாடுவதும் இந்த அளவுகோலில் நிற்காது. பறவை அங்கே வருவது பழத்துக்கும் புழுவுக்கும் கிளைக்கும். நில உரிமையாளரை அது அறியாது. புறாவுக்குத் தானியம் இடுவதிலும், உண்ணுமுன் காக்கைக்குச் சோறு வைப்பதிலும் திரும்ப எதையும் கேட்காத ஈகை இருக்கிறது. படத்துக்காக மட்டும் வைக்கப்படும் இரை அந்த ஈகையோடு சேராது.

1972ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சமணத்தின் வரையறைக்கு நெருங்கியே வருகிறது. காட்டுப்பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதோடு, அவற்றின் முட்டைகளுக்கோ கூடுகளுக்கோ இடையூறு செய்வதையும் அது வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கிறது.