பலனில் மட்டும் பற்றுள்ளவன்

கீதாசாரியனின் உபதேசத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வாழும் பிராணி ஒன்று உலகத்தில் உண்டென்றால், அது விளையாட்டு ரசிகன்தான். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு விளைவைப் பற்றிய கவலையை விட்டுவிட வேண்டும் என்பது குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனனுக்குக் கிடைத்த பாடம். ரசிகனுக்கோ செய்வதற்கு ஒரு காரியமும் இல்லை. மட்டையைப் பிடிப்பவன் வேறொருவன், பந்தை வீசுபவன் மற்றொருவன். விளைவு ஒன்றில்தான் இவனுக்குப் பாத்தியதை, அதுவும் இவனாகவே ஏற்படுத்திக்கொண்ட பாத்தியதை. ஜெயித்தால் பரிசுப் பணத்தில் ஒரு காசு இவன் வீட்டுக்கு வரப்போவதில்லை; தோற்றால் இவன் சம்பளம் குறையப்போவதுமில்லை; இருந்தும் தோற்ற அன்றைக்கு இராச் சாப்பாடு இறங்காமல் பாதியில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுகிறான். ஆத்ம விசாரம் செய்கிறவர்கள் அஞ்ஞானத்துக்கு உதாரணமாக இவனைக் காட்டினால் மறுத்துப் பேச எளிதில் வழி தோன்றாது. ஆனாலும், பற்றை விடுவது என்கிற வித்தையில் இந்த அஞ்ஞானிக்கு ஒரு தனிப்பட்ட யோக்கியதை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கிரிக்கெட் நடக்கும் நாளில் எந்த வீட்டிலாவது போய்ப் பார்த்தால் தெரியும். ஒருவர் நாற்காலியில் இடது காலை மடக்கி உட்கார்ந்திருக்கும்போது இரண்டு பவுண்டரி விழுந்துவிட்டது என்றால், அந்தக் கால் மரத்துப் போனாலும் அதை நீட்ட மற்றவர்கள் விடமாட்டார்கள். தண்ணீர் குடிக்க எழுந்துபோன பையன் கூடத்துக்கு வெளியே நின்ற சமயத்தில் சிக்ஸர் பறந்ததென்றால், பாவம், ஆட்டம் முடிகிறவரைக்கும் அவனுக்கு நடைவாசற்படிதான் கதி. எட்டிப் பார்த்தாலும் ‘அங்கேயே நில்லுடா’ என்று பாட்டியே அதட்டுவாள். கர்மம் ஏதும் இல்லாதவன் தனக்கென்று ஒரு கர்மத்தை எப்படியாவது கற்பித்துக்கொள்ளும் சாமர்த்தியம் இது. பகுத்தறிவாளர் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவார், ஒதுக்குவது நியாயமும்கூட. எனக்கு என்னவோ இதைப் பார்க்கும்போதெல்லாம் பெரியாழ்வாரின் ஞாபகம் வருகிறது.

மதுரையில் பாண்டியன் சபையிலே பரதத்துவத்தை நிர்ணயம் செய்து பொற்கிழியை அறுத்து, யானைமேல் பவனி வந்த அந்தப் பட்டர்பிரானுக்கு, கருடாரூடனாகத் திருமால் ஆகாயத்தில் காட்சி கொடுத்தான் என்பது வைஷ்ணவ குருபரம்பரை சொல்லும் கதை. வேறொருவராயிருந்தால் மோக்ஷத்தைக் கேட்டிருப்பார். இவரோ, இத்தனை அழகை எல்லோர் கண்ணும் படும்படி இப்படி வெளியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களே, கண்ணெச்சில் பட்டுவிடுமே என்று பதறி, யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு அவனுக்குப் பல்லாண்டு பாடிவிட்டார். ஸர்வ ரக்ஷகனுக்கு ரக்ஷை தேடுகிற இந்தப் பேதைமையை வியாக்கியான கர்த்தாக்கள் குறையாகக் கருதவில்லை. ஆழ்வார்களுக்குள் இவர் பெரியவர் என்பதற்கு அதையே காரணமாகக் காட்டினார்கள். உலகமே மெச்சும் ஆட்டக்காரனுக்காகத் தன் மடக்கிய காலை நீட்டாமல் காக்கிறவனையும் ஆழ்வாரையும் சமமாக வைக்க நான் துணியவில்லை. ஆயினும், தன்னிலும் பெரியதொன்றின் க்ஷேமத்துக்குத் தானே பொறுப்பாளி என்று நினைக்கத் தூண்டும் அன்பின் ஜாதி ஒன்றேதான்.

இதற்கு நேர் விரோதமான கட்சி காச்மீரத்திலிருந்து வருகிறது. ஆயிரம் வருஷங்களுக்கு முன் பரதரின் நாட்டிய சாஸ்திரத்துக்கு உரை கண்ட அபிநவகுப்தர், ரஸாநுபவத்துக்கு நேரிடும் விக்கினங்கள் ஏழு என்று கணக்கிட்டார். மேடையில் நடப்பது என்னுடையது அல்லது பிறனுடையது என்ற எண்ணத்தில் சிக்கிக்கொள்வதும், தன் சொந்த சுகதுக்கங்களுக்கு வசப்பட்டுப் போவதும் அவற்றில் அடக்கம். சீதையின் துயரத்தைக் கண்டு நாம் அழுகிறோம். அந்த அழுகையிலும் இன்பம் இருக்கிறது. காரணம், அந்தத் துயரம் என்னுடையதுமன்று, பக்கத்து வீட்டுக்காரருடையதுமன்று, பொதுவாகிப் போன துயரம். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், கட்சி கட்டிக்கொண்டு கேலரியில் உட்கார்ந்திருப்பவன் ஸஹிருதயன் ஆகவே முடியாது. எதிர்க்கட்சிக்காரன் அடித்த அற்புதமான கவர் டிரைவ் இவனுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறதே தவிர, கண்ணுக்கு அழகாகத் தெரிவதில்லை.

ஆனால் அதே அபிநவகுப்தர், தந்திராலோகத்தில் வேறொரு விஷயமும் சொல்கிறார். நாட்டியமும் சங்கீதமும் நடக்கும் சபையில் கூடியிருப்பவர்களின் சித்தங்கள் ஒன்றிலொன்று பிரதிபலித்து, தனித்தனியே குறுகிக் கிடந்த உணர்வு தடையின்றி விரிவடைகிறது. லயிக்காமல் ஒருவன் நடுவில் உட்கார்ந்திருந்தாலும் அந்த விரிவு கெட்டுவிடும், ஆகையால் அத்தகையவனை உள்ளே விடாதே என்று எச்சரிக்கையும் செய்கிறார். நவீன உலகத்தின் ரசிகர் கூட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான லக்ஷணம் நான் கண்டதில்லை. டோக்கியோவில் 1975 டிசம்பரில் முப்பத்திரண்டு குழுக்களோடு சிறிதாகத் தொடங்கி, இன்று வருஷத்துக்கு இரண்டு முறை லக்ஷக்கணக்கானவர்கள் திரளும் ‘காமிக் மார்க்கெட்’ என்னும் சித்திரக்கதைச் சந்தையில், விற்பவர், வாங்குபவர், வேலை செய்பவர் எல்லாரும் பங்கேற்பவர்களே, வாடிக்கையாளர் என்று ஒருவரும் இல்லை என்பது ஆதிமுதல் விதி. அவ்வளவு தூரம் போவானேன்? சிவகாசியிலிருந்து 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்ட முத்து காமிக்ஸைச் சிறுவயதில் படித்தவர்கள், தலை நரைத்த பிறகும் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாச் சமயத்தில் ஒன்றுகூடுகிறார்கள். உத்தியோகமும் ஊரும் வேறாயிருந்தும், ஓரம் பழுப்பேறிப் போன ஒரு பழைய இதழை யாராவது பையிலிருந்து எடுத்தவுடன் நாலைந்து தலைகள் அதன்மேல் குனிகின்றன. ‘என்னுடையது’ என்ற பற்று ‘நம்முடையது’ என்று ஆகிவிட்டால் அபிநவகுப்தரின் வழியில் பாதித் தூரம் வந்தாயிற்று. மீதிப் பாதி, ‘அவர்களுடையதும்’ என்று சொல்ல வருவது. அது வேறு விதமான தூரம்.

அந்தத் தூரத்தை ஒரு கூட்டம் ஒரு பிற்பகலில் கடந்ததை 1999 ஜனவரி 31-ஆம் தேதி சேப்பாக்கம் பார்த்தது. பாகிஸ்தான் அணி பன்னிரண்டு வருஷங்களுக்குப் பின் இந்தியாவில் டெஸ்ட் ஆட வந்திருந்த சமயம். அவர்கள் வரக்கூடாது என்று டில்லி மைதானத்தின் ஆடுகளத்தைச் சிலர் வெட்டிப் போட்டிருந்த சமயமும்கூட. ஜெயிக்க 271 ரன் வேண்டியிருக்க, 82 ரன்னுக்கு ஐந்து விக்கெட் போய்விட்ட நிலையில், டெண்டுல்கரும் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன் எடுத்தார்கள். முதுகு வலி பிடித்திழுக்க, ஒவ்வொரு அடிக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆடிய டெண்டுல்கர் 136-இல் சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கியடித்து, வாசிம் அக்ரமின் கையில் பிடிபட்டபோது இன்னும் வேண்டியிருந்தது பதினேழே ரன். நாலு ரன்னுக்குள் மிச்ச மூன்று விக்கெட்டும் சரிந்து, பன்னிரண்டு ரன்னில் ஆட்டம் போயிற்று. ஒரு கணம் ஸ்தம்பித்த ஜனத்திரள் பிறகு எழுந்து நின்றது. ஜெயித்தவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வர, அவர்கள் கடந்துபோன ஒவ்வொரு பகுதியிலும் கரகோஷம் எழுந்தது.

அங்கே பற்றில்லாத ஒருவர், உதாரணமாக இரண்டு தேசத்துக்கும் சம்பந்தமில்லாத ஒரு அந்நிய யாத்திரிகர், எழுந்து கைதட்டியிருந்தால் அதற்கு என்ன மதிப்பு? நல்ல ஆட்டத்தைப் பார்த்தார், தட்டினார், அவ்வளவுதான். அவர் விட்டுக்கொடுத்தது ஒன்றுமில்லை. நாலு நாளாக வெயிலில் காய்ந்து, கடைசி பதினேழு ரன்னுக்காகக் குலதெய்வத்தையெல்லாம் கூப்பிட்டவன் தட்டினானே, அவனிடம்தான் விடுவதற்கு ஒரு பலன் இருந்தது. பலத்தியாகம் என்பது பலனை மனப்பூர்வமாக வேண்டினவனுக்கே சாத்தியம். வேண்டாதவன் செய்வது வெறும் அலக்ஷியம், அதை வைராக்கியம் என்று மயங்குகிற வேதாந்திகள் நம்மிடையே ஏராளம். பக்ஷபாதம் ரஸத்துக்கு விக்கினம் என்று காச்மீரத்து ஆசாரியர் சொன்னது மெய்யே. அந்த விக்கினம் இல்லாதவனுக்கு அன்று சேப்பாக்கத்தில் கடப்பதற்கும் ஒன்றுமில்லாமல் போயிருக்கும்.

இதை இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் சென்னைக்காரர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். நம்மை நாமே தட்டிக்கொடுத்துக்கொள்வதில் நாம் யாருக்கும் இளைத்தவர்களல்ல. ஆனால் மூன்று வாரத்துக்குள் அதே இரண்டு அணிகள் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் ஆடியதையும் சொல்லாவிட்டால் விசாரம் பூர்த்தியாகாது. ஓடும்போது ஷோயிப் அக்தர் மேல் மோதியதால் டெண்டுல்கர் ரன் அவுட்டாக, ஜனங்கள் கொதித்துப்போய்க் கையில் கிடைத்ததையெல்லாம் வீசினார்கள். மறுநாளும் கலவரம் மூளவே, போலீஸார் கூட்டத்தை வெளியேற்ற, காலி ஆசனங்களுக்கு முன்னால் பாகிஸ்தான் ஜெயித்தது. சென்னையில் தோல்வி நியாயமாக வந்தது, குறைசொல்ல ஒன்றுமில்லை. கல்கத்தாவில் அநியாயம் நடந்துவிட்டதாக ஜனங்கள் நம்பினார்கள். இரண்டு பரீக்ஷைகளும் ஒன்றல்ல. பக்தியே இல்லாத கூட்டம் அது என்று தள்ளிவிடவும் நமது சைவ மரபு இடம் கொடாது. சிவபூஜைக்கான பூக்கூடையைச் சிதறடித்த பட்டத்து யானையையும் அதன் பாகர்களையும் மழுவால் வெட்டிச் சாய்த்த எறிபத்தரை அறுபத்துமூவரில் ஒருவராகக் கும்பிடுகிறவர்கள் நாம். ஆனால் கருவூரில் அந்தக் கோபம் தணிந்தது எப்படி? யானைக்கு உடையவனான புகழ்ச்சோழன் ஓடிவந்து, குற்றம் என்னுடையது, என்னையும் வெட்டும் என்று வாளை நீட்டினான். அந்த க்ஷணத்தில் எறிபத்தருக்குத் தம் செய்கையே பயங்கரமாகத் தோன்றி, வாங்கிய வாளைத் தம் கழுத்துக்கே வைத்துக்கொண்டார்.

கல்கத்தாவில் முதல் நாள் கலவரத்தின்போது, அவுட்டான டெண்டுல்கரே அதிகாரிகளோடு எல்லைக்கோட்டருகே சுற்றிவந்து, அமைதியாயிருக்கும்படி கேட்டுக்கொண்டார். யாருக்காகக் கோபமோ அவரே வந்து கேட்டதால், ஜனங்கள் அடங்கினார்கள், ஆட்டமும் தொடர்ந்தது. ஆனால் மறுநாள் விக்கெட்டுகள் சரிந்தபோது அந்த வேண்டுகோள் அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை. கோபம் அதற்குள் டெண்டுல்கரை விட்டுத் தனியே வளர்ந்துவிட்டிருந்தது.