யார் காடு முதலில்?

ஏழு ஏக்கர் மானாவாரி நிலத்துக்கு வருஷத்தில் எத்தனை மணி நேரம் டிராக்டர் வேண்டியிருக்கும்? கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற எங்கள் காட்டுக்கு நான் போட்ட கணக்கு இது. கோடை உழவு ஒன்று. விதைப்புக்கு முன்னால் இரண்டு உழவு. விதைப்போடு சேர்த்து ஒன்று. ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் 28 மணி நேரம் ஆகிறது. உளுந்துச் செடியைக் களத்துக்கு ஏற்றுவது, குப்பை அடிப்பது என்று தாராளமாகச் சேர்த்தாலும் நாற்பதைத் தாண்டாது. வாடகை மணிக்கு 1,100 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 44,000.

சொந்தமாக வாங்கினால் கதை வேறு. வண்டியும் கொக்கிக் கலப்பையும் ரொட்டேவேட்டரும் சேர்ந்து எப்படியும் எட்டு லட்சத்தைத் தொட்டுவிடும். கையிலிருந்து மூன்று லட்சம் போட்டு, மீதி ஐந்து லட்சத்துக்கு 9 சதவீத பிளாட் வட்டியில் ஐந்து வருஷக் கடன் எடுத்தால் வட்டி மட்டும் 2.25 லட்சம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 72,500 கட்ட வேண்டும். வருஷத்துக்கு 1,45,000. இதில் டீசல் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. அந்த ஒன்பதும் ஒன்பது இல்லை. பிளாட் வட்டி என்றால், அசலில் முக்கால்வாசியை அடைத்த பிறகும் முழு ஐந்து லட்சத்துக்கே வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். குறைகிற அசலுக்கு மட்டும் வட்டி என்று திருப்பிக் கணக்கிட்டால் அது கிட்டத்தட்ட 14.8 சதவீதம். ஷோரூமில் காபி கொடுத்து உட்காரவைத்துச் சொல்கிற எண் இதுவல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது நல்ல விஷயம்தான். அதற்காக 44,000 எங்கே, 1,45,000 எங்கே?

இதை அப்பாவிடம் போனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "கணக்கு சரிதாம்ப்பா. அந்த நாலு நாள்ல வண்டி வருமா, அதைச் சொல்லு" என்றார்.

கரிசலில் விவசாயம் செய்யாதவர்களுக்கு அந்த நாலு நாளை விளக்க வேண்டும். கரிசல் மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்கிற களிமண் வகை அதிகம். தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விழுந்து கிடக்கிற அதே நிலத்தில், நல்ல மழை பெய்த மறுநாள் வண்டி இறக்கினால் டயர் முழுக்க மண் அப்பி, சக்கரம் உருண்டையாகி நின்ற இடத்திலேயே சுற்றும். சில நாள் காய வேண்டும். ரொம்பக் காய்ந்தாலும் கட்டி கட்டியாகப் பெயரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அது சில நாட்கள்தான் நிற்கும். வருஷ மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுவதால் புரட்டாசி, ஐப்பசியில் அந்தப் பதத்தைத் தவறவிட்டால் பயிர் பின்தங்கும். பின்தங்கிய உளுந்து காய் பிடிக்கும்போது மண்ணில் ஈரம் இருக்காது. 1901-லிருந்து கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கச் சொல்லும் பரிந்துரை இந்த நெருக்கடியைக் கொஞ்சம் தளர்த்தத்தான். அதிலும் மழை ஏமாற்றினால் விதை போச்சு. அந்தத் துணிச்சல் எல்லாருக்கும் வராது.

ஆக, வருஷத்துக்கு நாற்பது மணி நேரம் என்பது உண்மை. அதில் முக்கியமான பதினைந்து மணி நேரம் ஊரில் எல்லாருக்கும் ஒரே நாலு நாளில் தேவைப்படுகிறது என்பதும் உண்மை. என் தொழிலில் இதற்குப் பழகியிருக்கிறோம். வருஷம் முழுக்கச் சும்மா இருக்கும் சர்வர், தேர்வு முடிவு வெளியாகிற காலையில் மட்டும் மூச்சுத் திணறும். அப்போது கூடுதல் சர்வர்களை வாடகைக்கு எடுத்துக்கொள்வோம். உலகத்தில் வேறு ஏதோ மூலையில் அவை சும்மா இருக்கும் என்பதால் அது சாத்தியம். இங்கே மழை விளாத்திகுளத்துக்கும் புதூருக்கும் எங்கள் ஊருக்கும் ஒன்றாகத்தான் பெய்கிறது. சும்மா நிற்கிற டிராக்டர் அன்றைக்கு எங்கேயும் கிடையாது. வேளாண்மைப் பொறியியல் துறை உழவன் செயலி வழியாக மணிக்கு 500 ரூபாய்க்கு டிராக்டர் வாடகைக்குத் தருகிறது. நல்ல திட்டம். கோடை உழவுக்கு அதை நம்பலாம். ஐப்பசியில் அந்த விலை குறைந்த வண்டிக்கும் எல்லாரும் அதே நாளில்தான் பதிவு செய்வார்கள்.

இப்படிப் பார்த்தால், எட்டு லட்சம் கொடுத்து வாங்குவது வரிசையில் நிற்க வேண்டாம் என்கிற சலுகையை. சலுகை மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. வண்டி வாங்கியவர் வரிசையிலிருந்து விலகிப் போய்விடுவதில்லை. மறுநாளே வரிசையின் தலைமாட்டுக்கு வந்துவிடுகிறார். தவணை கட்ட வேண்டுமானால் வாடகைக்கு ஓட்டியாக வேண்டும். ஓட்டினால், யார் காடு முதலில் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எங்கள் ஊரில் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். வண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி முதலில் தன் காட்டை உழுவார். அடுத்தது சொந்தபந்தம். அடுத்தது பன்னிரண்டு ஏக்கர், பதினைந்து ஏக்கர் என்று ஒரே இடத்தில் நாள் பூராவும் வேலை தருகிறவர்கள். கடைசியில்தான் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர்க்காரர்கள். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சின்னக் காட்டில் வண்டியைத் திருப்பித் திருப்பியே நேரம் போகும். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு ஓட்டிப் போகிற டீசலுக்கு யாரும் காசு தருவதில்லை. ஆனாலும் விளைவு என்ன? எங்கள் காட்டுக்கு மேற்கே ஒரு அக்கா இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறார். வீட்டுக்காரர் திருப்பூரில். வண்டிக்காக அவர் நாள் முழுக்க ஊர் மந்தையில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். "இந்தா வந்துருதேன் தாயி" என்ற பதிலோடு சாயங்காலம் வீட்டுக்குப் போவார். அவர் காட்டில் உளுந்து எப்போதும் பத்து நாள் பிந்திதான் முளைக்கும். அவர் கொடுக்கும் வாடகையும் மணிக்கு அதே 1,100 ரூபாய்தான்.

கணினிக்காரர்களுக்கு இது முதல் வருஷத்துப் பாடம். ஒரே ஒரு இயந்திரம், பல வேலைகள், எல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன. சராசரிக் காத்திருப்பு குறைய வேண்டுமானால் சின்ன வேலையை முதலில் முடிக்க வேண்டும். 2, 3, 7, 12 ஏக்கர் என்று நாலு காடு இருக்கட்டும். பெரியதிலிருந்து தொடங்கினால் அவை உழுது முடியும் நேரம் 12, 19, 22, 24 மணி. சராசரி 19.25. சின்னதிலிருந்து தொடங்கினால் 2, 5, 12, 24. சராசரி 10.75. வண்டி மொத்தமாக ஓடும் நேரம் இரண்டிலும் 24 மணிதான். பன்னிரண்டு ஏக்கர்க்காரருக்கு 12 மணி நேரம் தாமதம். இரண்டு ஏக்கர்க்காரருக்கு 22 மணி நேரம் மிச்சம். வண்டி இடம் மாறும் நேரத்தைச் சேர்த்தாலும் பெரிதாக மாறாது.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி. "பன்னெண்டு ஏக்கர்க்காரன் ஒரு நாள் பொறுத்துக்கிடுவானா? அவன் கழுகுமலைப் பக்கமிருந்து வேற வண்டியக் கூட்டிட்டு வந்துருவான். அப்புறம் எவன் காசுல தவணை கட்ட?"

நியாயம் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக விட்டுவிடுவது இந்தத் தவணையைத்தான். கடன் இல்லாத வண்டிக்காரர் தன் மனசுப்படி வரிசை வைக்கலாம். கடன்காரரின் வரிசையைக் கடன் வைக்கிறது. அதுவும் ஆறு மாதத் தவணை என்பது இரண்டு போகம் விளைகிற ஆற்றுப்பாசன நிலத்தின் காலண்டர். கரிசலில் காசு தை, மாசியில் ஒருமுறைதான் கைக்கு வரும். ஆடித் தவணைக்குக் காசு எங்கிருந்து வரும்? நகையிலிருந்து வரும், அல்லது என்னைப் போல வெளியூரில் சம்பளம் வாங்கும் பிள்ளையிடமிருந்து வரும்.

வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2016 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில், டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீஸ்காரர்கள் வண்டியிலிருந்து இழுத்து அடிக்கும் வீடியோவை நாடே பார்த்தது. வாங்கியதைவிட அதிகமாகவே அவர் கட்டியிருந்ததாகச் செய்திகள் வந்தன. கடன் வசூலுக்கு அடியாட்களை அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. அதற்கு ஒன்பது வருஷம் கழித்து நடந்தது இது. எங்கள் பக்கத்து இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் எழுதிய 'கதவு' கதையில் தீர்வைப் பாக்கிக்காக ஒரு வீட்டின் கதவையே பெயர்த்துக்கொண்டு போவார்கள். டிராக்டரைத் தூக்கிப் போவது பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதவு ஞாபகம் வரும். கதவு, ஏர், வண்டி என்று பிழைப்புக்கு ஆதாரமான பொருளாகப் பார்த்துத்தான் கை வைக்கிறார்கள். வலிக்கும் என்று தெரிந்தே.

முறை வைத்துப் பங்கிடுவது நமக்குப் புதிதல்ல. கண்மாய்ப் பாசனத்தில் யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதற்கு முறை இருந்தது. மடையைத் திறக்கவும் அடைக்கவும் நீர்பாய்ச்சி இருந்தார். கண்மாயைப் பராமரிக்கக் குடிமராமத்து இருந்தது. எலினர் ஆஸ்ட்ரம் ஸ்பெயினின் வலென்சியா வாய்க்கால்களில் இதைப் போன்ற முறைகளை ஆராய்ந்து எழுதினார், 2009-ல் பொருளாதார நோபல் வாங்கினார். நம் ஊர் முறையைப் பொற்காலமாக்கிவிட எனக்கு விருப்பமில்லை. பல ஊர்களில் தண்ணீரைப் பங்கிட்ட நீர்பாய்ச்சி தலித்தாக இருந்தார், அவருக்கென்று வயல் இருக்கவில்லை. முறை என்று ஒன்று இருந்தது, அது யாருக்கானது என்பது சாதி போட்ட கணக்கு. ஆனாலும் 'அடுத்தது யார்' என்று கேட்க ஓர் இடம் இருந்தது. டிராக்டர் வந்தபோது அப்படி ஓர் இடம் கூடவே வரவில்லை.

சரி, நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி வாங்கினால்? சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் அதற்குத் தயார். அரசும் கூட்டாக வாங்குவதற்கு மானியம் தருகிறது. இங்கேதான் பராமரிப்பு குறுக்கே வருகிறது. வருஷத்துக்கு நாற்பது மணி நேரம் ஓடும் வண்டி ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவது அதிகம். பேட்டரி இறங்கும். டீசல் டேங்கில் தண்ணீர் கோக்கும். எலி வயரைக் கடிக்கும். வெயிலில் டயர் வெடிக்கும். 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் என்று புத்தகத்தில் போட்டிருந்தால், மீட்டர் அதைத் தொட எங்கள் காட்டில் ஆறு வருஷம் ஆகும். அதுவரை பழைய ஆயிலோடு விடலாமா? வருஷம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும். கோடை உழவில் கரிசல் புழுதி மாவு மாதிரி ஏர் கிளீனரில் அடைத்துக்கொள்ளும். கழற்றிக் கழுவாவிட்டால் என்ஜின் அந்தப் புழுதியையே தின்னும். இந்த வேலைகளுக்கு நன்றி கிடையாது, கூலி கிடையாது, செய்தது யார் கண்ணுக்கும் தெரியாது. செய்யாமல் விட்டது மட்டும் ஐப்பசியில் பதமான நாளில், செல்ஃப் அடித்தும் வண்டி கிளம்பாதபோது ஊருக்கே தெரியும். சித்திரையில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து கிரீஸ் அடிப்பவர், ஆறு மாதம் கழித்துத் தன்னை நம்பி நிற்கப் போகிறவர்களுக்கு வாக்குக் கொடுக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. நாலு பேர் வண்டியில் அந்த வாக்கை யார் கொடுப்பது?

குறைந்தபட்சம் எங்களால் கழற்ற முடிகிறது. அமெரிக்காவில் விவசாயி தன் சொந்த டிராக்டரின் கோளாறைப் பார்க்கவே கம்பெனியின் மென்பொருள் வேண்டும் என்று பூட்டுப் போட்டு, 2025 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் ஜான் டீர் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. இங்கே இன்னும் பட்டறையில் ஸ்பானரை எடுத்தால் வேலை நடக்கும். எத்தனை நாளைக்கு என்று, மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு உறுதியில்லை.

கூட்டு வேண்டாம், நாமே வாங்குவோம், பராமரிப்பு தன் பொறுப்பு என்று அப்பா முடிவெடுத்தார். நான் முன்பணம் தருகிறேன், ஆடித் தவணையையும் கட்டுகிறேன், ஆனால் வாடகைக்கு ஓட்டும்போது சின்னக் காடு முதலில் என்று கேட்டேன். ஆடித் தவணை என் சம்பளத்திலிருந்து போனால் பன்னிரண்டு ஏக்கர்க்காரரின் கோபத்தை அப்பாவால் தாங்க முடியும். அதுதான் என் கணக்கு. காசு கொடுக்கிறவன் நிபந்தனை போடுகிறான் என்பது தெரிந்துதான் போட்டேன். எனக்கும் பன்னிரண்டு ஏக்கர்க்காரருக்கும் அந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. "சரி. ஆனா நம்ம காடு முதல்ல. அதுல பேச்சு கிடையாது. அதுக்குத்தான வாங்குதோம்?"

நம்முடையது ஏழு ஏக்கர், வரிசைப்படி மூன்றாவது என்று சொல்லிப் பார்த்தேன். தன் கடனில் வாங்கிய வண்டியைத் தன் காட்டில் முதலில் இறக்குவது அநியாயம் என்று நிரூபிக்க என்னிடம் எந்த வாதமும் இல்லை. அந்த ஏழு மணி நேரமும் மேற்கே அந்த அக்கா வரப்பில் நிற்பார் என்பது மட்டும்தான் இருந்தது. அம்மா பக்கத்திலிருந்து, "காலையில வெள்ளன அவ காட்ட முடிச்சுட்டு நம்ம காட்டுக்கு வாங்களேன், ரெண்டு மணி நேரத்துல என்ன கெட்டுப்போகுது" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. முன்பணத்தை அனுப்பிவிட்டேன். வண்டி ஆவணியில் வரும்.