நோயும் இழிவும்

நோய் உடலைப் பற்றுவது; இழிவோ பிறர் உள்ளத்தில் தோன்றி நோயாளியின் தலைமேல் சுமத்தப்படுவது. சில நோய்களில் முன்னதினும் பின்னதே கொடிதாகிவிடுகின்றது. முன்னாளில் தொழுநோயாளர்க்கு நேர்ந்த கதி நம் காலத்தில் எச்.ஐ.வி. தொற்றுடையார்க்கு நேர்ந்தது. இவ்விழிவை நீக்கும் வழி யாது? உபதேசம் போதுமா? சட்டம் போதுமா? இதனைச் சிறிது ஆராய்வோம்.

1986-ஆம் ஆண்டில் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் அம்மையாரும் அவர்தம் மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வினால் இத்தொற்று இந்நாட்டில் முதன்முதல் கண்டறியப்பட்டது. மூன்றாண்டு கழித்து, 1989-இல், கோவாவில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். டொமினிக் டிசோசா என்னும் இளைஞர் பிறர் உயிர் காக்கத் தம் இரத்தத்தை மனமுவந்து அளித்து வந்தவர். அவ்விரத்தத்தைச் சோதித்தபோது தொற்று இருப்பது தெரியவந்தது. காவலர் வந்து அவரை அழைத்துச் சென்றனர். முன்பு காசநோயாளர்க்கென இருந்த ஒரு கட்டடத்தில் அறுபது நாட்களுக்கு மேல் அவர் தனியே அடைத்து வைக்கப்பட்டார். அன்றைய கோவாச் சுகாதாரச் சட்டம் அதற்கு இடங்கொடுத்தது. வெளிவந்தபின் அவர் தம்மைப் போன்றோர்க்காகப் பாடுபட்டு, 1992-இல் காலமானார்.

இதைக் கேட்போர், "ஐயோ, குற்றமற்றவரை இப்படிச் செய்தனரே!" என்று இரங்குவர். இவ்விடத்தில்தான் நம் உள்ளத்தை நாமே சோதித்துக்கொள்ளல் வேண்டும். அவர்க்கு அத்தொற்று வேறு எவ்வழியில் வந்திருந்தாலும் அச்சிறை நியாயமாகிவிடுமா? கருவிலே தொற்றுப் பெற்ற குழந்தைக்கு இரங்குகிறோம், அதன் தாய்க்கும் ஓரளவு இரங்குகிறோம், தந்தையைப் பழிக்கிறோம். இவ்வாறு குற்றமுள்ளோர், குற்றமற்றோர் என்று நோயாளரை வகைப்படுத்துவதே இழிவின் வேர். குடித்துவிட்டு வண்டியோட்டிக் கால் முறிந்தவனுக்கும் மருத்துவர் கட்டுப் போடுகிறார். நீரிழிவு கண்டவரிடம் ஒழுக்கச் சான்று கேட்பார் எவருமிலர். இந்நோயில் மட்டும் அதைக் கேட்பானேன்?

வயிற்று நோயால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரின் வரலாற்றை நாம் அறிவோம். தம்மால் சங்கத்தார்க்கு ஒரு பயனும் இல்லாமையால் தம்மைக் கவனிப்பார் இல்லை என்றார் அப்பிக்கு. பகவர் அவரது தகுதியை ஆராயவில்லை. ஆனந்தரோடு சேர்ந்து அவரை நீராட்டிக் கட்டிலில் கிடத்தினார். அதனோடு நில்லாமல் சங்கத்தைக் கூட்டி, பிக்குகள் ஒருவரையொருவர் பேணவேண்டும் என்று விதி வகுத்தார். கருணை ஒருவரது மனவெழுச்சியாக மட்டும் நின்றுவிடாமல் ஓர் ஏற்பாடாக மாறியது என்பதே இதில் நாம் கருதத்தக்கது.

இக்காலத்தில் அத்தகைய ஏற்பாட்டையே ஒருங்கிணைந்த சிகிச்சை என்கின்றனர். கருவுற்ற பெண்ணுக்கு மற்ற இரத்தச் சோதனைகளோடு இச்சோதனையும் அவள் சம்மதத்தின்பேரில் நடக்கிறது. சிகிச்சையின்றேல் நூற்றுக்கு 15 முதல் 45 வரையில் குழந்தைகளுக்குத் தொற்று பரவக்கூடும். தக்க சிகிச்சையால் அது 5-க்கும் கீழே இறங்குகிறது. எச்.ஐ.வி. உடையாரைப் பெரிதும் கொல்வது காசநோய். ஆகவே இரண்டுக்கும் ஓரிடத்திலேயே மருந்து தரப்படுகிறது. இந்நோயாளர்க்கெனத் தனி வாயில் வைத்தால் அவ்வாயிலே அவர்க்குப் பட்டயம் கட்டிவிடும். பொது வாயிலில் எல்லோரோடும் நுழைபவரை எவர் சுட்டிக்காட்ட முடியும்?

"இது மறைத்து வைப்பதன்றோ? மறைப்பது வெட்கத்தை ஒப்புக்கொள்வதாகாதா?" என்று சிலர் வினவலாம். அன்று. தன் நோயைப் பிறர்க்குச் சொல்வதும் சொல்லாமையும் நோயாளியின் உரிமை. பொது ஏற்பாடு இன்று அவர்க்குக் காப்பாகிறது. நாளடைவில் இந்நோயும் பிற நோய்களுள் ஒன்றென்னும் பழக்கத்தை ஊரார்க்கு உண்டாக்குகிறது. எனினும் ஒன்று: ஒரே கூரையின்கீழ் வைத்துவிட்டு, கட்டிலில் தனி அடையாளம் தொங்கவிட்டு, பலர் முன்னிலையில் நோயின் பெயரைக் கூவினால் அவ்வொருங்கிணைப்பால் பயனென்ன? கருணையில்லாத ஏற்பாடு வெறுங்கட்டடம்; ஏற்பாடில்லாத கருணையோ அன்றைக்கே வற்றிப்போகும் ஊற்று. இரண்டும் கூடினால்தான் இழிவு தேயும்.

அச்சத்துக்கும் இன்று காரணம் குறைவு. 2004 முதல் அரசாங்கம் இதற்குக் கூட்டு மருந்தை இலவசமாக வழங்கிவருகிறது. அதனைத் தவறாது உண்டு, இரத்தத்தில் கிருமி சோதனைக்குப் புலப்படாத அளவுக்கு அடங்கிய நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியும் தொற்று பரவுவதில்லை. உடன் உண்பதாலும் தொடுவதாலும் அது என்றுமே பரவியதில்லை. 2017-இல் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், வேலையிலும் கல்வியிலும் சிகிச்சையிலும் இவர்களை வேற்றுமை பாராட்டுவதைத் தடுக்கிறது.

ஆயினும் வீட்டுக்குள் தனியே வைக்கப்பட்ட குவளையைச் சட்டம் வந்து எடுத்துவிடாது. தனிக் குவளையும் தனிக் கிணறும் இன்னவை என்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நம் பெற்றோரும் பாட்டன்மாரும் அவற்றைக் கண்டவர்கள். அக்குவளையை உடைத்தெறிய வந்த நாம், நோயின் பெயரால் அதனை மீண்டும் நம் வீட்டு மாடத்தில் வைக்கலாமா? நம்மிடம் ஒருவர் தம் நோயைச் சொன்னால் அதை மூன்றாமவர்க்குச் சொல்லாதிருப்போம். மருத்துவமனைக்கு அவரோடு துணையாகச் செல்வோம். திரும்பியதும் நம் வீட்டில், நாம் அருந்தும் குவளையிலேயே அவர்க்கும் தேநீர் கொடுப்போம். எப்படி வந்தது என்று மட்டும் கேளாதிருப்போம்.