இரண்டாவது ஹெல்மெட்

மார்கழியில் வண்டியின் சீட் விடியும்போதே நனைந்திருக்கும். பக்கப் பெட்டியிலிருந்து பழைய வேட்டித் துணியை எடுத்துத் துடைக்கிறேன். சாவியைத் திருப்பாமல் இரண்டு தடவை கிக்கரை மிதிக்கிறேன். பிறகு சாவி, சோக், மூன்றாவது மிதி. 100 சிசி என்ஜின் கொஞ்சம் இருமிவிட்டு ஒரு நிலைக்கு வருகிறது. இந்த அரை நிமிஷம் அதற்கு உரியது. ஆக்சிலேட்டரை முறுக்காமல் பக்கத்தில் நிற்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு ஹெல்மெட் தலையில். இன்னொன்று கொக்கியில்.

*

சேதராப்பட்டிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். கார் வாங்கு என்று மச்சான் வருஷாவருஷம் சொல்கிறார். அக்கறையில்தான் சொல்கிறார். தவணை கட்ட முடியாது என்பதல்ல என் தயக்கம். அதைச் சொல்லத் தெரியாமல்தான் இந்த நோட்டில் எழுதிப் பார்க்கிறேன்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் நூறு வீடுகளை எடுத்தால் ஏறத்தாழ எட்டு வீட்டில்தான் கார். இருசக்கர வண்டி இருப்பது ஐம்பது வீட்டில். மீதிப் பேர் எப்படிப் போகிறார்கள்? எங்கள் ரோட்டில் அதற்குப் பதில் தினமும் நிற்கிறது. பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். பஸ் வரவில்லையென்றால் கை நீட்டுகிறார்கள்.

*

தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறும் நேரம். டிபன் பையோடு ஒரு பையன் ஓட்டமும் நடையுமாகப் போகிறான். "அண்ணா, கேட் வரைக்கும்." பௌர்ணமி என்றால் திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் மயிலம் ரோட்டில் கூட்டமாக நிற்பார்கள். கல் ஏற்றிய டிப்பர்கள் புழுதியை அவர்கள்மேல் வாரி இறைத்துவிட்டுப் போகும்.

கார்களும் போகும். ஓட்டுகிறவர் மட்டும் இருப்பார், நான்கு சீட் காலியாக இருக்கும். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டிருக்கிறது; வெளிச்சத்தம் உள்ளே போகாது. வண்டியில் போகிறவனுக்கு அந்த "அண்ணா" காதில் விழுந்துவிடும். விழுந்த பிறகு நிற்காமல் போனால், அன்று முழுக்க அது கூடவே வரும்.

*

நேற்றுச் சாயங்காலம் ஒரு பாட்டி. "தம்பி, பத்துக்கண்ணு வரைக்கும் எறக்கி வுடுறியாப்பா?" எனக்கு அந்தப் பக்கம் வேலையில்லை. ஏற்றிக்கொண்டேன். ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்தார். மடியில் கீரைக்கட்டு, ஒரு கை என் தோளில். பள்ளம் வரும்போதெல்லாம் அந்தக் கை இறுகும், தாண்டியதும் தளரும். தொண்டமாநத்தம் போவதற்குள் அவர் கை இறுகுவதற்கு முன்பே நான் வேகத்தைக் குறைத்திருந்தேன்.

அவரை இறக்கிவிட்டு ஊசுட்டேரி ஓரமாக நின்றேன். ஏரியில் பாதி புதுச்சேரிக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு. 2008இல் புதுச்சேரி தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. வண்டியில் வருகிறவனுக்கு ஏரி கண்ணில் படும் முன்பே முகத்தில் படும். காற்று சட்டென்று குளிரும், பாசி வாசம் வரும். நாமக்கோழிகள் கரையோரமாக இரை தேடிக்கொண்டிருந்தன. இருட்டும்வரை நின்றேன்.

*

வழியில் என்ஜின் திக்கியது. இடது கையைக் கீழே விட்டுக் குழாயை ரிசர்வுக்குத் திருப்பினேன். ரிசர்வ் என்பது தனி டேங்க் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். டேங்க் ஒன்றுதான், பெட்ரோலும் ஒன்றுதான். உள்ளே இரண்டு வாய். ஒன்று உயரத்தில், இன்னொன்று அடியில். மேல்வாய்க்கு எட்டாதபோது வண்டி நம்மிடம் சொல்லிவிடுகிறது: இனி இருப்பது இவ்வளவுதான், பார்த்துப் போ. முள் காட்டும் அளவைவிட இப்படிச் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

*

வண்டி போதாத நாட்களும் உண்டு. அம்மாவைக் கோரிமேட்டு ஜிப்மருக்கு அழைத்துப்போன அன்று வாடகைக் கார் வைத்தேன். படுத்தபடி வந்தார், அதற்குக் கார்தான் வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வண்டி சீட் வரைக்கும் தண்ணீரில் நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஆயில் மாற்றி, ஓடவைக்க மூன்று நாள் ஆனது.

அதனால் கார் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எப்போதாவது தேவைப்படுவதை, எப்போதும் வாசலில் கட்டிவைக்க வேண்டுமா என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

*

இதையும் எழுத வேண்டும். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்திருக்கிறார்கள். நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். பின்னால் ஒருவர் ஏறும்போது அவருடைய வீடும் ஏறுகிறது. பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கை நீட்டுகிறவர் கையில் ஹெல்மெட் இருக்காது. என்னிடம்தான் இருக்க வேண்டும். அதற்காக வாங்கியதுதான் கொக்கியில் தொங்குவது. "இந்தக் கொஞ்ச தூரத்துக்கு எதுக்குப்பா?" என்பார்கள். மாட்டினால்தான் வண்டியை எடுப்பேன்.

*

இரவு. வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். என்ஜின் ஆறும்போது டிக், டிக் என்று ஒரு சத்தம்.

இரண்டாவது ஹெல்மெட்டை எடுத்துப் பார்த்தேன். உள்ளே தேங்காயெண்ணெய் வாசம். பாட்டிக்கு நான் இறுக்கிவிட்ட அளவிலேயே வார் நிற்கிறது. அதற்கு முன்னால் அந்தப் பையனின் அளவு. அதற்கும் முன்னால் யாருடையதோ. என் ஹெல்மெட்டின் வாரை வாங்கிய நாளிலிருந்து நான் நகர்த்தியதே இல்லை.

வாரை முழுசாகத் தளர்த்தி, உட்புறம் காற்றுப்படும்படி கவிழ்க்காமல் திண்ணையில் வைத்தேன். காலையில் யார் நிற்பார்களோ.