விமானம்தானே போனது? எழுந்திரு!

எதற்கு ஒளிந்துகொண்டிருக்கிறாய்?

பால் பாக்கெட் ஆப்பில் வருகிறது. காய்கறி ஆப்பில் வருகிறது. கீழே மளிகைக் கடைக்குக்கூட இறங்க மாட்டேன் என்கிறாய். லிஃப்டில் யாராவது "இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டுவிடுவார்களாம்!

கேட்கட்டுமே! "தவறிப்போச்சு" என்று சொல். அரை நொடி வேலை. அதற்கு பயந்து ஒரு வாரம் சிறை இருப்பாயா?

விசா வைத்த பாஸ்போர்ட் நேரத்துக்கு வரவில்லையா? மும்பை ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிய டாக்ஸி கண்டாலா மலைப்பாதையில் நின்றுவிட்டதா? எதுவாகவும் இருக்கட்டும். விமானம் போய்விட்டது. நீ புணே விமான் நகரில் இருக்கிறாய்.

சரி. அதனால் என்ன?

யாரையாவது ஏமாற்றினாயா? யார் பணத்தையாவது தின்றாயா? பிறகு எதற்கு இந்த வெட்கம்?

லோஹகாவ் விமான நிலையத்திலிருந்து எழும்பும் ஒவ்வொரு விமானமும் உன் நெஞ்சைக் குத்துகிறதா? போன மாதமும் அதே சத்தம்தானே கேட்டது? அப்போது தூங்கினாயே, இப்போது என்ன?

பெட்டி இன்னும் ஹாலில் நிற்கிறது. 23 கிலோ தாண்டிவிடக் கூடாதென்று எடை பார்த்துப் பார்த்து அடுக்கிய பெட்டி. புளிக்காய்ச்சல் டப்பாவுக்கு டேப் சுற்றி, அதன் மேல் இரண்டு கவர் போட்டிருக்கிறாய்.

திற அந்தப் பெட்டியை! துணியை அலமாரியில் வை. புளிக்காய்ச்சலைச் சூடான சோற்றில் பிசைந்து சாப்பிடு. துக்கம் காத்தது போதும்.

இப்போது ஒருவர் கதையைக் கேள்.

திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த ஒரு பையன். 18 வயதில் அவன் எழுதிய ஆய்வுக் கட்டுரை லண்டன் இதழில் அச்சானது. மேல்படிப்புக்கு இங்கிலாந்து போக வேண்டும் என்றார்கள். அந்தக் காலத்தில் விஞ்ஞானத்துக்கு வேறு வழி ஏது?

சென்னை அரசு மருத்துவர் உடம்பைப் பார்த்தார். "இங்கிலாந்துக் குளிரை இந்த உடம்பு தாங்காது" என்று கைவிரித்துவிட்டார்.

பயணம் ரத்து! நீ ஒரு பயணத்தைத்தான் இழந்தாய். அந்தப் பையனுக்கோ எதிர்காலமே போனதுபோல் இருந்தது.

அந்தப் பையன்தான் சி.வி. ராமன்.

என்ன செய்தார் அவர்? போர்வையை இழுத்து மூடிக்கொண்டாரா? 1907-ல் நிதித் துறைத் தேர்வு எழுதி, கல்கத்தாவில் கணக்கு அதிகாரியாகச் சேர்ந்தார். ஆம், கணக்கு! பேரேடும் பற்றுவரவும்!

அங்கே பௌபஜார் தெருவில் ஒரு அறிவியல் சங்கம். 1876-ல் தொடங்கியது, ஆய்வு செய்ய ஆளில்லாமல் கிடந்தது. பெயர்ப் பலகையைப் பார்த்தார். உள்ளே போனார்.

விடிவதற்குள் சங்கத்தில் இருப்பார். பிறகு அவசர அவசரமாகச் சாப்பாடு, அலுவலகம். மாலையில் அலுவலகத்திலிருந்து நேரே சங்கம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து. ஞாயிறு முழுக்கவும் அங்கேதான்.

ஒரு வாரமா? பத்து வருடம்!

"அவர் மேதை சார், நான் சாதாரண ஆள்" என்கிறாயா? உன் சாக்குப் பட்டியலில் முதல் சாக்கு இதுதான் என்று எனக்குத் தெரியும். அந்த மேதை பகலெல்லாம் ஃபைல் பார்த்தார். உனக்கும் ஆபீஸ், அவருக்கும் ஆபீஸ். விடியற்காலையில் யார் எழுந்தது என்பதுதான் கேள்வி.

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி தேடி வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: வெளிநாடு போய்ப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். "போக மாட்டேன்" என்றார் ராமன். வளைந்தது நிபந்தனைதான்!

முதன்முதலாகக் கடல் கடந்தது 1921-ல். அதுவும் மாணவராக இல்லை. ஆக்ஸ்போர்டு மாநாட்டுக்குப் பிரதிநிதியாக. திரும்பும் வழியில் கப்பல் தளத்தில் நின்று, கடல் ஏன் நீலம் என்று சோதித்தார். அந்தக் கேள்வி முற்றி, 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவாகக் கனிந்தது. 1930-ல் நோபல்!

போகாதே என்ற அந்த டாக்டருக்கு நன்றி சொன்னார் ராமன். நீ யாரைச் சபித்துக்கொண்டிருக்கிறாய்?

இன்னொருவர், நம் சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை சாம்பலைக் கக்கியது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் விமானங்கள் நின்றன. பல்கேரியாவின் சோபியாவில் உலகப் பட்டப் போட்டி. ஆனந்த் பிராங்க்பர்ட்டில் சிக்கிக்கொண்டார்.

அழுதாரா? சுமார் 40 மணி நேரம் சாலை வழியே போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் அவகாசம் கேட்டார். ஒரு நாள்தான் கிடைத்தது. முதல் ஆட்டத்தில் தோற்றார்.

பிறகு? எதிராளி டோபலோவின் சொந்த நாட்டிலேயே, கடைசி ஆட்டத்தில், கறுப்புக் காய்களோடு வென்று பட்டத்தைத் தக்கவைத்தார்!

உனக்கு ஒரு நாளா கிடைத்தது? முழு வாரம் கிடைத்திருக்கிறது! லீவு சாங்ஷன் ஆகிவிட்டது. நீ ஊரில் இல்லை என்று ஆபீஸ் நினைக்கிறது. யாரும் போன் செய்யப்போவதில்லை. இப்படி ஒரு வாரம் மறுபடி எப்போது வாய்க்கும்?

டிக்கெட் பணம் போச்சு என்று புலம்புகிறாயே, திருப்பிக் கேட்டாயா? பயணம் செய்யாவிட்டால் வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் விமான நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. விதியைப் படி. மெயில் போடு. இன்ஷூரன்ஸ் இருந்தால் அதையும் கிளறு. கேட்கவே பயப்படுகிறவனுக்கு யார் தருவார்கள்?

உலகத்தைப் பார்க்க வேண்டுமா? நாராயண்காவ் பக்கம் கோடத் கிராமத்துக்குப் போ. ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலத்தில் 30 ரேடியோ தொலைநோக்கிகள் அந்த வட்டாரத்தில் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அயல்நாட்டு விஞ்ஞானிகளும் அதில் ஆய்வு செய்ய நேரம் கேட்டு விண்ணப்பிக்கிறார்கள். புணேயில் இருந்துகொண்டு நீ ஒரு முறை எட்டிப் பார்த்தாயா?

எதற்காக அந்த நாட்டுக்குப் போக நினைத்தாய்? ஒரு தாள் எடு. எழுது.

வேலைக்கா? அந்த வேலைக்கு உன்னிடம் எது குறைகிறதோ, அதை இன்று காலை தொடங்கு. படிப்புக்கா? அங்கே போய்ப் புரட்ட நினைத்த முதல் புத்தகத்தை இங்கேயே புரட்டு. மொழி பயமா? கதவைச் சாத்திக்கொண்டு உரக்கப் பேசு. தப்புத் தப்பாகப் பேசு! சிரிக்க யாரும் இல்லாத வாரம் இது.

சும்மா சுற்றிப் பார்க்கத்தானா? அப்படியானால் இத்தனை அழுகை எதற்கு? அந்த ஊர் எங்கேயும் போய்விடாது. அடுத்த தேதி குறி. எந்தக் காகிதம் குறைந்தது, எத்தனை நாள் முன்னால் விண்ணப்பித்திருக்க வேண்டும், எத்தனை மணிக்கு டாக்ஸி ஏறியிருக்க வேண்டும் — எல்லாம் எழுதி வை. தோல்வி கொடுத்த விவரத்தைக் குப்பையில் போடாதே. அதற்கு விலை கொடுத்திருக்கிறாய்!

ராமனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1930-ல் நோபல் பரிசு அறிவிப்பு வருமுன்பே, தனக்கும் மனைவிக்கும் ஸ்வீடன் போகக் கப்பல் டிக்கெட் எடுத்து வைத்துவிட்டார். உடம்பு தாங்காது என்று ஒதுக்கப்பட்ட அதே மனிதர்!

திமிரா? ஆம், திமிர்தான். இருபது வருடத்துக்கு மேல் விடியலில் எழுந்து சம்பாதித்த திமிர்!

அது கடையில் கிடைக்காது. கடனாகவும் கிடைக்காது. உனக்கு ஏழு விடியல்கள் கையில் இருக்கின்றன.

நாளைக்கு முதலாவது. எழுந்திரு!