ஏறியவர்க்கே ஏரியோ?

வருந்திப் பெற்ற பொருளே மதிப்புடையது என்னும் கருத்து நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஒரு மலைப்பாதையைக் கொண்டு நோக்குவோம்.

கலிபோர்ணியாவிலுள்ள சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், பிக் பைன் ஓடையின் வட கிளையைத் தொடர்ந்து ஓர் ஒற்றையடிப் பாதை மேலேறுகிறது. ஏறத்தாழ 7,700 அடி உயரத்தில் தொடங்கி, 10,000 அடிக்கு அண்மையில் அது முதல் ஏரியை அடைகிறது. ஏரிகள் ஏழு. பெயர் சூட்டச் சலித்தவர்கள்போல் முதலாம் ஏரி, இரண்டாம் ஏரி என்று எண்ணிட்டுள்ளனர். கீழுள்ள மூன்று ஏரிகளின் நீர், பால் கலந்தாற்போன்ற நீலப்பச்சை. உச்சியிலுள்ள பலிசேட் பனிக்கட்டியாறு பாறையை மாவாக அரைக்கிறது. அம்மாவின் நுண்துகள்கள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறச் செய்வதால் உண்டாகும் நிறம் அது. காற்றுக் குறைந்த உயரத்தில் மூச்சிரைத்து வந்தவன், இக்காட்சி தன் உழைப்புக்குக் கிடைத்த கூலி என எண்ணுவது இயல்பே.

ஆனால், அதே பாதையில் பொதி சுமந்து செல்லும் கோவேறு கழுதை அவனிலும் அதிகம் உழைக்கின்றது. அதற்கு ஏரியைக் காணும் தகுதி உண்டென எவரும் சொல்வதில்லை. அவ்வாறாயின் நாம் போற்றுவது உழைப்பையன்று. விரும்பி மேற்கொண்ட உழைப்பையே. விரும்பி உழைப்பதற்கோ ஓய்வும் பொருளும் நல்ல கால்களும் வேண்டும். இம்மூன்றும் உழைப்பால் மட்டும் வந்தவையல்ல.

இப்பகுதி 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்தால் காக்கப்படுவது. வீதி அமைத்தலுக்கும் மோட்டார் வாகனங்களுக்கும் அங்கு இடமில்லை. சக்கர நாற்காலிக்குத் தடையில்லை என 1990ஆம் ஆண்டின் சட்டமொன்று தெளிவுபடுத்தியது. ஆயினும் அதற்கெனப் பாதையைத் திருத்தும் கடப்பாடு எவர்க்கும் இல்லையென்றும் அதுவே கூறிற்று. உரிமை உண்டு, வழியில்லை! நடக்க இயலாதவர்க்கு இது அநீதியன்றோ?

வீதி வேண்டாம் என்பதே என் நிலைப்பாடும். ஆனால் ஏறியவனின் பெருமையைக் காப்பதற்காக அன்று, ஏரியின் பொருட்டே. இவ்வேறுபாடு அற்பமானதன்று. ஏரியின் பொருட்டு என்றால், ஏறியவனும் கட்டுப்படவேண்டும். இரவு தங்குவோர் தொகையை வரையறுக்கும் அனுமதி முறை அங்குள்ளது. வலிய கால்களுக்கும் அதில் விலக்கில்லை. இழப்பு இன்னும் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கால்நடையாக ஏறியவனும் பாதையின் தொடக்கம்வரை மோட்டார்க் காரிலேயே வந்தான். புவி வெப்பமுறுவதால் பலிசேட் பனிக்கட்டியாறு சுருங்கிவருகின்றது. அது முற்றாகக் கரைந்தபின் பாறையை அரைப்பதற்கு எதுவும் இராது. துகள்கள் படிந்துவிட, அந்த ஏரிகளும் மலையின் ஏனைய ஏரிகளைப்போலத் தெளிந்துவிடும்.